திருடனைக் கேட்டீர்களா?

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் வீடு வாங்கிக் குடிபோன புதிதில் எனக்கு இரண்டு எச்சரிக்கைகள் கிடைத்தன. ஒன்று சூறாவளி பற்றி. இன்னொன்று அங்கிள் என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பெரியவரைப் பற்றி. “அங்கிள் ரொம்ப நல்ல மனுஷன். ஆனா அவர் பக்கத்துல இருக்கும்போது மட்டும் கதை எதுவும் சொல்லிடாதீங்க” என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

ஏன் என்று அடுத்த பாட்லக்கிலேயே தெரிந்துவிட்டது. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் அந்த விருந்துகளில், டெக்சாஸில் இருக்கிற தோஷமோ என்னவோ, இரண்டாவது சுற்றில் பேச்சு துப்பாக்கிக்கு வந்துவிடும். பெட்ரோல் பங்கும் அதோடு ஒட்டிய கடையும் நடத்தும் செல்வம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கடை சாத்துற நேரம். ஒருத்தன் உள்ள வந்தான். பார்வையே சரியில்ல. சட்டையைக் கொஞ்சம் தூக்கி இடுப்புல இருந்ததைக் காமிச்சேன். அவ்ளோதான், ஆள் எஸ்கேப். துப்பாக்கி மட்டும் இல்லேன்னா இன்னிக்கு நான் இங்க இல்ல.”

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். லெமன் சாதத் தட்டுடன் ஓரமாக நின்றிருந்த அங்கிள் மட்டும், “வந்தவன் என்ன கேட்டான்?” என்றார்.

“எங்க கேட்டான்? கேக்கறதுக்கு முன்னாடியே நான்தான் காமிச்சிட்டேனே.”

“கையில என்ன வெச்சிருந்தான்?”

“ஒண்ணுமில்ல. ஒரு கப்பு.”

“காபி கப்பா?”

“ஆமா, திரும்பத் திரும்பக் காபி ரொப்பிக்கிற ரீஃபில் கப்பு. அதுக்கென்ன இப்போ?”

“இல்ல, அவனைக் கேட்டா, ‘காபி ரீஃபில் பண்ணப் போனேன், கடைக்காரன் துப்பாக்கியைக் காமிச்சான், உயிர் தப்பிச்சு வந்தேன்’னு சொல்வானோ? திருடனைக் கேட்டீங்களா செல்வம்?”

“திருடனை எப்படி அங்கிள் போய்க் கேக்கறது?”

“அதான் பிரச்சினையே” என்று சொல்லிவிட்டு அவர் சாதத்தில் நிலக்கடலையைத் தேட ஆரம்பித்தார்.

துப்பாக்கி என்றாலே ஆகாத, குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் பெண் டாக்டர் ஒருவர் எங்கள் கூட்டத்தில் உண்டு. அவருக்கு மகா சந்தோஷம். “அப்படிக் கேளுங்க அங்கிள். துப்பாக்கியால தன்னைக் காப்பாத்திக்கிட்டவங்க ரொம்ப ரொம்பக் கம்மி. போலீஸ் ரெக்கார்டைப் பாத்தாலே தெரியும்” என்றார். அங்கிள் உடனே அந்தப் பக்கம் திரும்பினார்.

“போலீசுக்கே போகாதவங்களை நீ எப்படிம்மா எண்ணினே? செல்வம், நீங்க போலீசுக்குச் சொன்னீங்களா?”

“இல்ல அங்கிள், எதுக்கு வம்பு?”

“பாத்தியா டாக்டர்? வந்தவன் நிஜமாவே திருடனா இருந்தா உன் கணக்குல ஒண்ணு குறையுது. காபிக்கு வந்தவனா இருந்தா செல்வம் கணக்குல ஒண்ணு ஜாஸ்தியா இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நம்பர் சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்.”

இரண்டு கட்சியும் அன்றைக்கு அவரை முறைத்துக்கொண்டே பாயசம் குடித்தது.

அவர் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூமிக்கு அடியில், யாரும் கண்ணால் பார்க்காத இடத்தில், எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று மதிப்புப் போட்டுச் சொல்வதுதான் அவர் பிழைப்பு. “அதையாவது ஓரளவு சொல்லிடலாம்மா. எண்ணெய் பொய் சொல்லாது, பெருமை அடிச்சுக்காது, பயந்துபோய் ஒண்ணை ரெண்டாப் பாக்காது” என்பார். அமெரிக்காவில் துப்பாக்கியால் எத்தனை பேர் தங்களைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். படித்தவர்களே ஒருவர் மலையளவு சொல்கிறார், இன்னொருவர் மடுவளவு சொல்கிறார். எண்ண முடியாத ஒன்றை இவ்வளவு நிச்சயமாக எண்ணுகிறார்களே என்பதில் அவருக்குத் தீராத ஆச்சரியம்.

ஆனால் அந்தக் கேள்வி துப்பாக்கியோடு நிற்கவில்லை. யாராவது மருமகளைப் பற்றிக் குறை சொன்னால், “மருமகளைக் கேட்டீங்களா?” பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் தன்னைத் தள்ளிவிட்டான் என்று என் மகள் நிலா அழுதுகொண்டு வந்தபோது, “அந்தப் பையனைக் கேட்டியா கண்ணு?” “அங்கிள், ஹூஸ் சைட் ஆர் யூ ஆன்?” என்று அவள் கத்தினாள். தோட்டத்துத் தக்காளியை ரக்கூன் என்ற காட்டுப் பிராணி தின்றுவிட்டது என்று புகார் செய்த ஒருவரிடம்கூட, “ரக்கூன்தான்னு எப்படிச் சொல்றீங்க?” என்று கேட்டு, கடைசியில் தின்றது அவர் வீட்டு நாய்தான் என்று நிரூபித்தார். நாய்க்காரர் அதன்பிறகு அவருக்குத் தக்காளி கொடுப்பதில்லை.

அவர் மனைவி ஆன்ட்டி மட்டும்தான் அவரைச் சமாளிக்கத் தெரிந்தவர். “என்னைப் பாக்க வந்த அன்னிக்கு ‘பொண்ணைக் கேட்டீங்களா’ன்னு மட்டும் இவர் கேக்கல. கேட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்” என்பார். அங்கிள் இதற்கு மட்டும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை.

அவருடைய தோல் செருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலது வார் அறுந்துபோய், அதை ஆன்ட்டி நீல நைலான் நூலால் தைத்திருந்தார். வெயிலோ குளிரோ அதுதான். குளிரில் உள்ளே சாக்ஸ் சேரும். அடுத்தவர் இடத்தில் கால் வைப்பதற்கு முன் அதைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து, நுனி வாசலைப் பார்க்க வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். வீட்டுக்கு மட்டுமல்ல. பல் டாக்டரின் அறை வாசலில் கழற்றினார். விற்பனைக்கு இருந்த புது வீட்டைச் சுற்றிப் பார்க்கப் போனபோது தோட்டத்துக் கதவிலேயே கழற்றிவிட்டார். திரும்பும்போது பேசிக்கொண்டே பின்னோக்கி நடந்து வெளியே வருவார். கீழே பார்க்கவே மாட்டார். அவர் கால் தானாகத் துழாவி, எந்தக் குவியலிலிருந்தும் தன் செருப்பைக் கண்டுபிடித்து நுழைந்துகொள்ளும்.

குளிர்காலத்தில் ஊருக்குப் போகிற குடும்பங்களின் கறிவேப்பிலைச் செடிகளுக்கெல்லாம் அவர்தான் காவல். பனி விழும் என்று செய்தி வந்தால் போதும், காதையும் வாயையும் மூடிய மங்கி கேப்பை மாட்டிக்கொண்டு, பழைய பெட்ஷீட்டுகளோடு கிளம்பி வீடு வீடாகப் போர்த்திவிட்டு வருவார். டெக்சாஸ் குளிரில் கறிவேப்பிலையைக் காப்பாற்றுவதைப் பற்றி அவரிடம் சந்தேகமே கிடையாது. அதில் மட்டும் கேள்வி கேட்காமல் வேலை செய்வார்.

இப்படியிருக்கும்போது எங்கள் தெருவில் யாரோ கார்களைத் திறந்து குடைந்துவிட்டுப் போனார்கள். என் கணவன் கார்த்திக்கு அதிலிருந்து துப்பாக்கிப் பித்துப் பிடித்தது. கோயம்புத்தூரில் கரப்பான் பூச்சிக்கு அம்மாவைக் கூப்பிட்டவன் அவன். எனக்கும் அவனுக்கும் இரண்டு மாதம் சண்டை. வீட்டில் குழந்தை இருக்கிறது என்றேன் நான். குழந்தை இருப்பதால்தான் என்றான் அவன். கடைசியில் அங்கிளிடமே பஞ்சாயத்துக்குப் போனோம்.

“செல்வம் அண்ணனை எடுத்துக்கங்க. துப்பாக்கி இருந்ததாலதானே...” என்று கார்த்தி ஆரம்பித்தான்.

“காபி கப்பு” என்றார் அங்கிள்.

“அப்ப வேண்டாம்னு சொல்லுங்க அங்கிள்” என்றேன் நான்.

“அதையும் எப்படிம்மா சொல்றது? நிஜமா ஒருத்தன் கத்தியோட வந்தா? எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லச் சொல்றியா?”

வீட்டுக்கு வரும் வழியில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் திட்டினோம். அந்த மாதத்தில் நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அடுத்த சனிக்கிழமை கார்த்தி துப்பாக்கி வாங்கிவிட்டான். அலமாரியின் மேல்தட்டில் பூட்டிய பெட்டியில் அது உட்கார்ந்துகொண்டது. புடவை எடுக்கக்கூட எனக்கு அந்த அலமாரியைத் திறக்கப் பிடிக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நீண்ட வாரயிறுதிக்குச் சான் அன்டோனியோ போவதாக இருந்தோம். கறிவேப்பிலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஆன்ட்டியிடம் சொல்லியிருந்தேன். கிளம்புகிற அன்று ரோடெல்லாம் பனிக்கட்டி. பயணம் ரத்து. போகவில்லை என்று யாருக்கும் சொல்வதற்குள் மதியம் கரண்டும் போனது, போன்களும் செத்தன. நானும் நிலாவும் மாடியில் இருந்த கம்பளிகளையெல்லாம் மேலே போட்டுக்கொண்டு படுத்திருந்தோம். கார்த்தி கீழே காவல் இருந்தான். “கரண்ட் இல்லாத நேரம்தான் திருடனுக்கு வசதி” என்று பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்துச் சமையலறை மேடையில் வைத்துக்கொண்டிருந்தான்.

பொழுது சாயும் நேரத்தில் கீழே ஒரு சத்தம். “டோன்ட் மூவ்! ஐ ஹாவ் எ கன்!” கார்த்திக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. நான் நிலாவைக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தள்ளி அவள் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். வெடிச் சத்தம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கார்த்தி மாடிக்கு வந்தான். உதடெல்லாம் வெளுத்திருந்தது.

“முகமூடி போட்டவன். ஆறடி இருப்பான். பின்பக்கம் குனிஞ்சு என்னவோ பண்ணிட்டிருந்தான். துப்பாக்கியைப் பாத்ததும் ஒரே ஓட்டம்.”

உண்மையைச் சொன்னால், அந்த ஒரு ராத்திரி அந்தத் துப்பாக்கி வீட்டில் இருந்தது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

விடிந்ததும் தடயம் பார்க்கப் போனோம். கறிவேப்பிலைத் தொட்டி மேல் ஒரு பழைய பெட்ஷீட் பாதி மூடியபடி கிடந்தது. “திருடின சாமானைக் கட்டறதுக்குக் கொண்டுவந்திருக்கான்” என்றான் கார்த்தி. வேலியின் பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு. சேர்த்து வைத்து, நுனி கதவைப் பார்த்தபடி. வலது வாரில் நீல நைலான் நூல்.

“இண்டியன் செருப்பு! வேற ஏதோ நம்மாளு வீட்ல அடிச்சிட்டு வந்திருக்கான்” என்றான் என் துப்பறியும் கணவன். அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, போலீஸ் கேட்டால் கொடுக்க என்று கராஜில் பத்திரப்படுத்தினான்.

அடுத்தவர் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற திருடனை எந்த ஊரில் பார்த்திருக்கிறார்கள்?

கரண்ட் வந்ததும் கார்த்தி கதையை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். செல்வம் வரிசையாகக் கைதட்டல் படங்கள் அனுப்பினார். டாக்டர்கூட ‘கடவுள் புண்ணியம், எல்லாரும் பத்திரமா இருக்கீங்களே’ என்று எழுதினார். அங்கிளிடமிருந்து மட்டும் ஒரு கேள்வியும் இல்லை.

ரோடு சரியானதும் ஒரு டிபன் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் அவர் வீட்டுக்குப் போனேன். சோபாவில் உட்கார்ந்து வீங்கிய காலை வெந்நீரில் வைத்திருந்தார். “பனியில வாக்கிங் போய் வழுக்கிட்டாராம். செருப்பையும் எங்கயோ விட்டுட்டாராம். சொன்னா கேட்டாத்தானே” என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி காபி போடப் போனார்.

“அங்கிள், திருடனைக் கேக்கலாம்னு வந்தேன்” என்றேன்.

அவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். “மெதுவாப் பேசு. அவளுக்குத் தெரியாது.”

“என்ன நடந்தது?”

“போர்வை போத்த வந்தேன். நீங்கதான் ஊர்ல இல்லையே. திடீர்னு ஒருத்தன் இங்கிலீஷ்ல கத்தறான். உன் புருஷன் குரல் மாதிரியே இல்ல. வீடு மாறி எவன் வீட்டுக்கோ வந்துட்டோம்னு நினைச்சேன். எல்லா வீட்டையும் ஒரே மாதிரிதானே கட்டி வெச்சிருக்கான்.”

“நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“வாயைத் திறந்தேன்மா. காத்துதான் வந்தது.” தண்ணீரில் காலை அசைத்தார். “அவன் கை நடுங்கிச்சு. டார்ச் வெளிச்சம் என் நெஞ்சுல நிக்கவே இல்ல, இங்கயும் அங்கயும் ஆடிச்சு. அந்தக் கையில என்ன வேணா நடக்கலாம். அதான் ஓடினேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

“அழாதே. இதைக் கேளு” என்று அவர் முன்னால் குனிந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம். “உன் புருஷனைக் கேட்டா, துப்பாக்கியால குடும்பத்தைக் காப்பாத்தினேன்னு சொல்வான். அது பொய்யில்ல. அவனுக்கு அப்படித்தான் நடந்தது. என்னைக் கேட்டா, செடிக்குப் போர்வை போத்தப் போய் உயிர் தப்பிச்சேன்னு சொல்வேன். இப்ப இதைக் கணக்குல சேக்கறதா, வேண்டாமா? காலை நீட்டி உக்காந்து இதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்.”

“இப்பவும் கணக்கா அங்கிள்?”

“இத்தனை வருஷமா எல்லாரையும் திருடனைக் கேட்டியா, திருடனைக் கேட்டியான்னு கேட்டேன். இப்பதானேம்மா ஒருத்தன் கிடைச்சிருக்கான்!”

ஆன்ட்டி காபியோடு வருவதற்குள் அவர் அவசரமாகச் சொன்னார், “தம்பிகிட்ட நீ சொல்லக் கூடாது. தெரிஞ்சா அவன் தூங்க மாட்டான்.” நானும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கார்த்தி நன்றாகத் தூங்கினான். தூக்கம் போனது எனக்குத்தான். நிலாவின் தோழிகள் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு கேட்காமல் வருகிற வீடு எங்களுடையது. அடுத்த தடவை குனிந்துகொண்டிருப்பது யார்? அந்தக் கை அப்போதும் வெறுமனே நடுங்கிவிட்டு நின்றுவிடுமா?

அந்த மாதப் பாட்லக் எங்கள் வீட்டில். கார்த்தியின் கதை அதற்குள் நன்றாகச் சதை போட்டிருந்தது. திருடன் இப்போது ஆறரை அடி. கையில் கம்பி மாதிரி ஏதோ இருந்தது. வேலியை மான் மாதிரி தாண்டினான். ஐந்தடி மூன்று அங்குலமும் கணுக்கால் வலியுமாக அங்கிள் மூலை நாற்காலியில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதை முடிந்ததும் கூட்டம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது. ஒரு நல்ல விசாரணையைப் பார்க்க எல்லோரும் தயாராக இருந்தார்கள்.

“என்ன அங்கிள், ஒண்ணும் கேக்கலியா?” என்றார் டாக்டர்.

“தம்பிக்கு நடந்ததைத்தான் தம்பி சொல்றான்” என்றார் அவர்.

செல்வத்துக்குப் புரை ஏறிவிட்டது. “என் கதைக்கு மட்டும் காபி கப்பைப் பிடிச்சிட்டுத் தொங்கினீங்க! இவனை விட்டுட்டீங்களே! இது அநியாயம் அங்கிள்.”

கார்த்திக்குப் பெருமை தாங்கவில்லை. அங்கிளே ஒப்புக்கொண்ட கதை இந்த ஊரில் வேறு கிடையாது. “அதான் இன்னொண்ணு வாங்கலாம்னு இருக்கேன். மாடிக்கு ஒண்ணு” என்றான்.

அங்கிளின் ஸ்பூன் பாதியில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து கராஜுக்குப் போனேன்.

சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்திருந்தேன். பையைப் பிரிக்க மாட்டேன் என்று கொடுக்கவில்லை. செருப்பை எடுத்துக்கொண்டுபோய், வாசலில் கிடந்த அத்தனை ஷூக்களுக்கும் நடுவில், ஜோடி சேர்த்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அங்கிள் அன்றைக்கு ஆன்ட்டி வாங்கிக் கொடுத்த புது ஷூவில் வந்திருந்தார். கிளம்பும்போது வழக்கம்போலச் செல்வத்துடன் வாக்குவாதம் செய்துகொண்டே பின்னோக்கி நடந்து வெளியே வந்தார். மிச்ச சாம்பார் டப்பாவோடு கார்த்தி அவரை வழியனுப்ப வந்தான். அங்கிளின் கால் துழாவியது. புது ஷூவைத் தாண்டியது. இரண்டு செருப்பைத் தள்ளியது. பிறகு நீல நூல் வாருக்குள் போய் நிம்மதியாக உட்கார்ந்தது. அவர் பேச்சை நிறுத்தவே இல்லை. நாலு எட்டு நடந்து படி இறங்கிவிட்டார்.

“அங்கிள்” என்றான் கார்த்தி. குரல் ஒரு மாதிரி இருந்தது. “அது... அது திருடனோட செருப்பு.”

அவர் நின்றார். குனிந்து தன் காலைப் பார்த்தார். கணுக்காலில் கட்டு இன்னும் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார், பிறகு அவனை.

“ஆமாம் தம்பி” என்றார்.

கார்த்தியின் கையில் டப்பா ஆட ஆரம்பித்து, சாம்பார் விளிம்பில் வழிந்தது. அங்கிள் திரும்பி வந்து அதை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார்.

“ஏன் அங்கிள்... ஒரு வார்த்தை ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ திருடனைக் கேக்கவே இல்லையேப்பா.”

மறுவாரம் புடவை எடுக்க அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டில் துப்பாக்கிப் பெட்டி இல்லை. எங்கே போயிற்று என்று நான் கார்த்தியைக் கேட்கவில்லை.